வீட்டில் இருந்தே ஆபீஸ் வேலை... ஆனா ஃபைல் ஆபீஸை விட்டு வெளியே போகாது! 'விர்ச்சுவல் டெஸ்க்டாப்' எப்படி வேலை செய்கிறது?

மழை வந்தால் சென்னையில் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' வந்துவிடுகிறது. கூடவே ஆபீஸ் ஃபைல்களும் பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகின்றன. இதைத் தடுக்க பெரிய ஐ.டி. கம்பெனிகள் பயன்படுத்தும் வழிதான் 'விர்ச்சுவல் டெஸ்க்டாப்'. மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸ், தி.நகர் கடைக் கணக்கு, அடையாறு சின்ன கம்பெனிகளுக்கு இது சரிப்படுமா? எவ்வளவு நெட் வேணும்? எங்கே சறுக்கும்? முழு விவரம் இதோ.

பிரச்னை எங்கே ஆரம்பிக்கிறது?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம், மாடியில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். நவம்பர் மாதம். வெளியே கொட்டும் மழை. 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டும். "நாளைக்கு யாரும் வர வேண்டாம்ப்பா, வீட்ல இருந்தே முடிச்சிடுங்க" என்கிறார் ஆடிட்டர் சார்.

ஆர்ட்டிகிள்ஷிப் பசங்க என்ன செய்வார்கள்? டேலி டேட்டாவை பென் டிரைவில் காப்பி எடுப்பார்கள். கிளையன்ட்டின் பேங்க் ஸ்டேட்மென்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வார்கள். பான் கார்டு, ஆதார் நகல் எல்லாம் சொந்த மெயிலுக்குப் போகும். வேலை முடிந்துவிடும். ரிட்டர்னும் போய்விடும்.

ஆனால் அந்த ஃபைல்கள்? அவை வீட்டு லேப்டாப்பில் அப்படியே கிடக்கும். அதே லேப்டாப்பில்தான் தம்பி கிராக் செய்த கேம் விளையாடுவான். ஆறு மாதம் கழித்து அந்தப் பையன் வேலையை விட்டுப் போனாலும் ஃபைல் அவனிடமே இருக்கும். அவன் மேல் தப்பு இல்லை. யாரும் திருடவில்லை. ஆனாலும் நாற்பது கிளையன்ட்டின் கணக்கு இப்போது எங்கெங்கே இருக்கிறது என்பது ஆடிட்டருக்கே தெரியாது.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் தீர்க்க வருவது இந்தப் பிரச்னையைத்தான்.

சரி, விர்ச்சுவல் டெஸ்க்டாப்னா என்ன?

டி.வி.யை நினைத்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிப்பவர் ஸ்டுடியோவில் இருக்கிறார். கேமரா, லைட், கம்ப்யூட்டர் எல்லாம் அங்கேதான். உங்கள் வீட்டு டி.வி.க்கு வருவது படமும் குரலும் மட்டுமே. டி.வி. உடைந்தால் ஸ்டுடியோவுக்கு ஒன்றும் ஆகாது.

விர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் பெரிய சர்வருக்குள் ஓடுகிறது. விண்டோஸ், டேலி, எக்செல், ஃபைல்கள் எல்லாம் அங்கேயே இருக்கும். வீட்டில் இருக்கும் லேப்டாப்புக்கு வருவது அந்த ஸ்கிரீனின் படம். நீங்கள் தட்டும் கீ, நகர்த்தும் மவுஸ் இரண்டும் திரும்ப அங்கே போகும்.

அதாவது எக்செல் ஷீட்டைத் திறக்கிறீர்கள், திருத்துகிறீர்கள், சேவ் செய்கிறீர்கள். ஆனால் அந்த ஷீட் உங்கள் லேப்டாப்புக்கு வரவே இல்லை. லேப்டாப் தொலைந்தாலும், ஆட்டோவில் மறந்து வைத்துவிட்டாலும் ஃபைல் பத்திரம். வேறொரு லேப்டாப்பில் லாக்-இன் செய்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

இந்த ஐடியா புதுசு இல்லை. சிட்ரிக்ஸ் நிறுவனம் 1989-லேயே தொடங்கப்பட்டது. மைக்ரோசாப்ட் 1998-ல் விண்டோஸ் என்.டி. டெர்மினல் சர்வரைக் கொண்டுவந்தது. அப்போது இதற்கு சொந்தமாக சர்வர் ரூம் வேண்டும், ஏ.சி. வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இப்போது அமேசான், மைக்ரோசாப்ட் போன்றவர்கள் இதை மாத வாடகைக்குத் தருகிறார்கள். அமேசான் ஒர்க்ஸ்பேசஸ் 2014-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மைக்ரோசாப்டின் விண்டோஸ் விர்ச்சுவல் டெஸ்க்டாப் 2019 செப்டம்பரில் வந்தது. இன்று அதன் பெயர் அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப். 2021 ஆகஸ்ட்டில் 'கிளவுட் பி.சி.' என்று விண்டோஸ் 365 அறிமுகமானது.

லாக்-இன் செய்ததும் உள்ளே என்ன நடக்கிறது?

ஸ்டெப் 1: வீட்டு லேப்டாப்பில் ஒரு ஆப் அல்லது பிரவுசரைத் திறந்து யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுக்கிறீர்கள். கூடவே மொபைலுக்கு ஒரு ஓ.டி.பி. அல்லது 'நீங்கள்தானா?' என்ற அனுமதிக் கேள்வி வரும்.

ஸ்டெப் 2: 'கேட்வே' என்ற வாசல் சர்வர் உங்களைச் சரிபார்க்கிறது. இணையத்தில் இருந்து வருபவர்கள் இந்த ஒரு வாசல் வழியாக மட்டுமே உள்ளே போக முடியும்.

ஸ்டெப் 3: 'புரோக்கர்' என்ற மென்பொருள், வீட்டு புரோக்கர் மாதிரியே, உங்களுக்கு எந்த மெஷின் காலியாக இருக்கிறது, எதற்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்துக் கை காட்டுகிறது.

ஸ்டெப் 4: அந்த மெஷினின் ஸ்கிரீன் உங்கள் லேப்டாப்பில் தெரிகிறது. இடையில் போகும் தகவல் முழுக்க பூட்டப்பட்ட வடிவில், அதாவது என்கிரிப்ட் ஆகித்தான் போகும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆளுக்கு ஒரு தனி மெஷின். நீங்கள் வைத்த வால்பேப்பர் முதல் டெஸ்க்டாப் ஐகான் வரை அப்படியே இருக்கும். இன்னொன்று, பொது மெஷின். நீங்கள் லாக்-அவுட் செய்ததும் அது துடைத்துச் சுத்தமாகிவிடும். அடுத்தவருக்குப் புதுசாகப் போகும். கால் சென்டர் மாதிரி எல்லோரும் ஒரே வேலை செய்யும் இடங்களுக்கு இரண்டாவது வகை லாபம். தப்பித்தவறி வைரஸ் ஏறினாலும் அந்த மெஷினில் அது நிலைத்து நிற்பது கஷ்டம்.

வி.பி.என். இருக்கே... எனிடெஸ்க் இருக்கே... அது போதாதா?

பலருக்கும் வரும் குழப்பம் இது. மூன்றும் வேறு வேறு.

வி.பி.என்.: வீட்டு லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் சுரங்கப் பாதை. பாதை பத்திரமானது. ஆனால் அந்தப் பாதையின் முனையில் இருப்பது அதே வீட்டு லேப்டாப். அதில் வைரஸ் இருந்தால் அதற்கும் பாதை திறந்துவிடும். ஃபைலையும் வீட்டுக்கு இறக்கிக்கொள்ள முடியும். அமெரிக்காவில் 2021 மே மாதம் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் தாக்கப்பட்டது நினைவிருக்கலாம். பயன்பாட்டிலேயே இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கின் பாஸ்வேர்டு போதுமானதாக இருந்தது. அந்தக் கணக்குக்கு ஓ.டி.பி. போன்ற இரண்டாவது பூட்டு இல்லை. எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டிய நிலை வந்தது. அந்த நிறுவனம் ஹேக்கர்களுக்கு 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்கள்: ஆபீஸில் இருக்கும் ஒரு நிஜ கம்ப்யூட்டரை தூரத்தில் இருந்து இயக்குபவை. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆனில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் கதை முடிந்தது. இந்த ஆப்பே கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் மோசடிக்காரர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் வழியாக நடக்கும் பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

நேரடி ரிமோட் டெஸ்க்டாப்: விண்டோஸிலேயே இருக்கும் வசதி. சின்ன ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய வருபவர் "ஒரு போர்ட்டை ஓப்பன் பண்ணி விடறேன் சார், வீட்ல இருந்தே பாக்கலாம்" என்று செட் செய்து தருவது பெரும்பாலும் இதுதான். இதில் கவனம் தேவை. 3389 என்ற போர்ட்டை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைத்தால், உலகம் முழுக்க அதைத் தேடிக்கொண்டிருக்கும் தானியங்கி மென்பொருள்கள் கண்டுபிடித்துவிடும். பிறகு பாஸ்வேர்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழையும் முக்கியமான வழிகளில் இதுவும் ஒன்று.

விர்ச்சுவல் டெஸ்க்டாப்: நெட்வொர்க்கும் வீட்டுக்கு வராது, ஃபைலும் வராது. ஸ்கிரீன் மட்டுமே வரும். ஃபைல் காப்பி, பென் டிரைவ், பிரிண்டர், காப்பி-பேஸ்ட் எதை அனுமதிப்பது என்பதை நிறுவனம் தீர்மானிக்கலாம்.

சென்னைக்கு இது ஏன் முக்கியம்?

இந்த ஊர் பாடம் படித்த விதம் அப்படி.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த மழையில் அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என ஆற்றை ஒட்டிய பகுதிகள் மூழ்கின. டிசம்பர் 6 வரை விமான நிலையம் வழக்கமான சேவைக்குத் திரும்பவில்லை. 1878-ல் தொடங்கப்பட்ட 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2-ம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை என்பதுதான் காரணம். ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டில் இருந்து வேலை பார்க்கச் சொன்னதோடு, சிலரை வேறு ஊர் அலுவலகங்களுக்கும் அனுப்பின. தரைத்தளத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த சின்ன ஆபீஸ்களுக்கு அந்த வழி இல்லை.

2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஐ.டி. நிறுவனங்கள் 15 முதல் 18-ம் தேதி வரை ஊழியர்களை வீட்டில் இருந்து வேலை பார்க்க அறிவுறுத்த வேண்டும் என்று தமிழக அரசே சொன்னது. அதாவது மழைக்கால 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' இப்போது அரசின் முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளில் ஒன்றாகிவிட்டது.

இதற்கு நடுவில் கொரோனா. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அறிவிப்பு வந்தது முந்தைய நாள் இரவில். சில நாட்களில் லட்சக்கணக்கானோரின் ஆபீஸ் வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது. பல நிறுவனங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களையே வண்டியில் ஏற்றி ஊழியர்களின் வீட்டுக்கு அனுப்பின. சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டி.சி.எஸ்., தனது ஏற்பாட்டுக்கு 'செக்யூர் பார்டர்லெஸ் ஒர்க்ஸ்பேசஸ்' என்று பெயர் வைத்தது. சுமார் நாலரை லட்சம் ஊழியர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களை அதில் மாற்றியதாகச் சொன்னது. 2025-க்குள் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீஸில் இருந்தால் போதும் என்றும் அறிவித்தது. பிறகு 2023 அக்டோபரில் வாரம் 5 நாள் ஆபீஸுக்கு வரச் சொன்னதும் அதே நிறுவனம்தான். ஆபீஸுக்கு ஆள் திரும்பினாலும், 'தேவைப்பட்டால் நாளைக்கே வீட்டில் இருந்து ஓட்ட வேண்டும்' என்ற ஏற்பாடு அவசியம் என்பதை அந்தக் காலம் எல்லோருக்கும் புரியவைத்தது.

ரூல்ஸ் எப்படி மாறியது?

கொரோனாவுக்கு முன்பு கால் சென்டர், பி.பி.ஓ. நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஊழியரை வீட்டில் இருந்து வேலை பார்க்க வைக்க தனி அனுமதியும், வங்கி உத்தரவாதமும் தேவைப்பட்டன. 2020 மார்ச்சில் இது தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 5-ம் தேதி வந்த புதிய வழிகாட்டுதலில் பதிவு, வங்கி உத்தரவாதம் இரண்டும் நீக்கப்பட்டன. 2021 ஜூனில் இன்னும் எளிதானது.

சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கும் நிறுவனங்களுக்கு வேறு சிக்கல். வரிச் சலுகையில் வாங்கிய கம்ப்யூட்டரை மண்டலத்துக்கு வெளியே எடுத்துப் போவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 2022 ஜூலையில் 43ஏ என்ற விதி சேர்க்கப்பட்டு, வீட்டில் இருந்து வேலை பார்க்க முறையான அனுமதி கிடைத்தது.

ஃபைல் லீக் ஆனால் சட்டம் என்ன சொல்கிறது?

சின்ன ஆபீஸ்களும் கவனிக்க வேண்டிய பகுதி இது.

முதலாவது, செர்ட்-இன் உத்தரவு. 2022 ஏப்ரல் 28-ல் வந்தது. உத்தரவில் பட்டியலிடப்பட்ட வகை சைபர் தாக்குதல் நடந்தால், தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் போன்ற 'லாக்' பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பென் டிரைவில் ஃபைல் போகும் ஆபீஸில் இந்தப் பதிவு எங்கே இருக்கும்? விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வருவதால், சரியாக செட் செய்தால் பதிவு ஒரே இடத்தில் கிடைக்கும்.

இரண்டாவது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2023 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான பொறுப்புகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. மக்களின் தகவலைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இது உச்சவரம்பு. தவறின் அளவைப் பொறுத்துத்தான் தொகை முடிவாகும். ஆனால் 'நாங்க சின்ன ஆபீஸ்தானே' என்று மொத்தமாக ஒதுங்கிவிட முடியாது.

அப்போ இது வந்தா ஹேக்கிங்கே நடக்காதா?

நடக்கும். விற்பவர்கள் சொல்லாமல் விடும் பகுதி இது.

வாசலே உடையலாம். 2023 அக்டோபரில் 'சிட்ரிக்ஸ் பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ரிமோட் வேலைக்கான நெட்ஸ்கேலர் கேட்வேயில் இருந்த குறை அது. ஏற்கெனவே லாக்-இன் செய்தவரின் 'டோக்கனை' திருடி, பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் இல்லாமலே ஹேக்கர்கள் உள்ளே போனார்கள். அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனத்தில் மட்டும் சுமார் 3.58 கோடி வாடிக்கையாளர் கணக்குகளின் தகவல் கசிந்தது. போயிங்கின் உதிரிபாகப் பிரிவும் சிக்கியது. அப்டேட் வெளியான பிறகும் அதைப் போடத் தாமதித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்டேட் போட்டவர்களும், ஏற்கெனவே திறந்திருந்த செஷன்களை மூடாமல் விட்டால் ஆபத்துதான்.

வீட்டு லேப்டாப்பே காட்டிக்கொடுக்கலாம். பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022-ல் நடந்தது இதுதான். ஒரு சீனியர் இன்ஜினீயரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்த ஹேக்கர்கள், அவர் தட்டும் ஒவ்வொரு கீயையும் பதிவு செய்யும் 'கீலாக்கரை' வைத்தார்கள். விர்ச்சுவல் டெஸ்க்டாப்பிலும் நீங்கள் பாஸ்வேர்டு தட்டுவது வீட்டு கீபோர்டில்தான். லேப்டாப்பில் கீலாக்கர் இருந்தால் அது படித்துவிடும்.

ஸ்கிரீனை போட்டோ எடுக்கலாம். காப்பி-பேஸ்டைத் தடுக்கலாம், ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கலாம். பக்கத்தில் இருப்பவர் மொபைலில் கிளிக் செய்வதைத் தடுக்க முடியாது. சில மென்பொருள்கள் ஸ்கிரீனில் மங்கலாகப் பயனரின் பெயரை அச்சடித்து வைக்கும். படம் வெளியே போனால் யார் ஸ்கிரீன் என்று தெரியும். அவ்வளவுதான்.

ஆக, ஃபைல் சிதறிப் போவதை விர்ச்சுவல் டெஸ்க்டாப் தடுக்கும். திருடன் சாவியோடு வந்தால் அது கதவைத் திறந்துதான் விடும்.

எவ்வளவு நெட் ஸ்பீடு வேணும்?

பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. மைக்ரோசாப்ட் தரும் வழிகாட்டுதல்படி, வெறும் டேட்டா என்ட்ரி போன்ற லேசான வேலைக்கு ஒருவருக்கு 1.5 எம்.பி.பி.எஸ். போதும். வேர்டு, எக்செல், பிரவுசர் என்று சாதாரண ஆபீஸ் வேலைக்கு 3, கனமான வேலைக்கு 5, வீடியோ எடிட்டிங், டிசைன் மாதிரி வேலைகளுக்கு 15 எம்.பி.பி.எஸ். என்கிறது.

ஸ்பீடைவிட முக்கியம் தாமதம். நீங்கள் கீ தட்டியதும் அது சர்வர் வரை போய், ஸ்கிரீனில் எழுத்தாகத் திரும்ப வர வேண்டும். இந்தப் போக்குவரத்து 150 மில்லி செகண்டுக்குள் முடிந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் டைப் செய்த எழுத்து தயங்கித் தயங்கி வரும். வேலை பார்ப்பவருக்கு எரிச்சல்தான் மிச்சம். அதனால் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்பது அவசியம். மைக்ரோசாப்டின் தென்னிந்திய டேட்டா சென்டர் பகுதி 2015 முதல் சென்னையில் இருக்கிறது. அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்தில் உண்டு. எந்த சேவை எந்த ஊரில் கிடைக்கும் என்பது மாறும் என்பதால் வாங்கும் முன் விசாரியுங்கள். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் சர்வரை மலிவு என்று எடுத்தால் இந்தத் தாமதம் தொல்லை தரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நெட் போனால் இங்கே எல்லாமே நின்றுவிடும். ஃபைல் லேப்டாப்பில் இல்லாததால் 'ஆஃப்லைனில் பார்த்துக்கலாம்' என்ற பேச்சே இல்லை. மழைக்காலத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு என்றால், வீட்டு ஃபைபர் இணைப்போடு வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவும், ரூட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸும் இருப்பது நல்லது. ஒரு ஆறுதல்: நெட் கட்டானாலும் வேலை பாதியில் தொலைந்துவிடாது. மெஷின் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப லாக்-இன் செய்தால், டைப் செய்து வைத்த பாதி வரி வரை அப்படியே இருக்கும்.

செலவு எப்படிக் கணக்கிடுவது?

மூன்று வழிகள் உண்டு.

நிலையான மாத வாடகை: விண்டோஸ் 365 இந்த வகை. ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். எவ்வளவு நேரம் வேலை பார்த்தாலும் அதே தொகை. ஐ.டி. ஆள் இல்லாத சின்ன ஆபீஸுக்கு இது எளிது.

பயன்பாட்டுக்கு ஏற்ற கட்டணம்: அமேசான் ஒர்க்ஸ்பேசஸில் மாதக் கட்டணமும் உண்டு, மணிக்கணக்கும் உண்டு. அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் மெஷின் ஓடும் நேரத்துக்குக் கட்டணம். மழைக்காலத்திலும் ரிட்டர்ன் சீசனிலும் மட்டும் தேவை என்றால் இது மிச்சம். ஆனால் மெஷினை ஆஃப் செய்ய மறந்தால், ஆள் இல்லாத அறையில் ஏ.சி. ஓடிய கதைதான்.

சொந்த சர்வர்: சிட்ரிக்ஸ், ஹொரைசன் போன்ற மென்பொருளை வாங்கி சொந்த சர்வரில் ஓட்டுவது. நூற்றுக்கணக்கில் ஊழியர்கள் இருந்தால் யோசிக்கலாம். பத்துப் பேர் ஆபீஸுக்குத் தேவையில்லாத தலைவலி.

கணக்கு போடும்போது மெஷின் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். விண்டோஸ், ஆபீஸ் லைசென்ஸ், பேக்கப், செட் செய்து தருபவரின் கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேரும். மறுபக்கம், புது லேப்டாப் வாங்கும் செலவு குறையும். பழைய லேப்டாப்பே போதும். அங்கே வேலை நடப்பதில்லை, படம் மட்டும்தானே ஓடுகிறது.

ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு ஒரு ஸ்பெஷல் சிக்கல்

யு.எஸ்.பி. டோக்கனில் வரும் டிஜிட்டல் கையெழுத்து, அதாவது டி.எஸ்.சி. ஆடிட் ரிப்போர்ட்டை ஏற்றவும், கம்பெனிகளின் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் கையெழுத்திடவும் இது வேண்டும். டோக்கனைச் செருகுவது வீட்டு லேப்டாப்பில். கையெழுத்து கேட்கும் பிரவுசர் ஓடுவது தூரத்து மெஷினில். பாதுகாப்புக்காக யு.எஸ்.பி.யை மொத்தமாகத் தடுத்திருந்தால் டோக்கனும் தெரியாது.

இதற்கு வழி உண்டு. பென் டிரைவைத் தடுத்துவிட்டு இந்த டோக்கனை மட்டும் அனுமதிக்கும்படி செட் செய்யலாம். ஆனால் எல்லா டோக்கனும் ரிமோட்டில் ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. கடைசித் தேதி இரவில் இதைக் கண்டுபிடிப்பதைவிட, ஒரு மாதம் முன்பே சோதித்துப் பார்த்துவிடுங்கள். பிரிண்டருக்கும், தமிழ் டைப்பிங் செய்பவர்களின் கீபோர்டு செட்டிங்குக்கும் இதே அறிவுரைதான்.

ஊழியர்கள் கவனத்துக்கு: கம்பெனி எதையெல்லாம் பார்க்க முடியும்?

விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள் நீங்கள் செய்யும் எதையும் நிறுவனம் பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தீர்கள், எந்த ஃபைலைத் திறந்தீர்கள், எவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்கள் என்பது வரை பதிவாகலாம். அதனால் சொந்த மெயில், பேங்க் வேலை, குடும்ப போட்டோ எதையும் அதற்குள் திறக்க வேண்டாம்.

அதே நேரம், அந்த விண்டோவுக்கு வெளியே உங்கள் சொந்த லேப்டாப்பில் இருப்பதை அந்த ஸ்கிரீன் வழியாக நிறுவனம் எட்டிப் பார்க்க முடியாது. ஊழியருக்கு இதில் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான். ஆபீஸ் வேலையும் சொந்த வாழ்க்கையும் ஒரே லேப்டாப்பில் இருந்தாலும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது.

ஆனால் 'இந்தக் கண்காணிப்பு சாஃப்ட்வேரையும் உங்க லேப்டாப்ல போட்டுக்கோங்க' என்று சொன்னால் கதை வேறு. அது எதையெல்லாம் பார்க்கும், வேலையை விட்டால் நீக்கிவிடலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நெட், கரண்ட் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுவது நல்லது.

சின்ன ஆபீஸ் எங்கே இருந்து ஆரம்பிக்கலாம்?

1. முதலில் எந்த ஃபைல் வெளியே போகவே கூடாது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்த ஃபைலைத் தொடும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் ஒரு மாதம் சோதனை ஓட்டம் பாருங்கள்.

2. ஓ.டி.பி. அல்லது ஆத்தென்டிகேட்டர் ஆப் இல்லாமல் யாருக்கும் லாக்-இன் இல்லை. முதலாளிக்கும் சேர்த்துத்தான்.

3. ஆளுக்கு ஒரு யூசர் நேம். 'ஆபீஸ்1' என்று எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்தால், நாளைக்கு யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

4. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்று மாலையே மூடுங்கள். கொலோனியல் பைப்லைன் கதை ஒரு பழைய கணக்கில்தான் ஆரம்பித்தது.

5. ரவுட்டரில் 3389 போர்ட் திறந்திருக்கிறதா என்று சர்வீஸ் செய்பவரிடம் இன்றே கேளுங்கள். விர்ச்சுவல் டெஸ்க்டாப் வாங்காவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

6. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு லேப்டாப்புக்கும் இது பொருந்தும்.

7. பேக்கப் தனி இடத்தில் இருக்கட்டும். கிளவுடில் இருப்பதாலேயே பேக்கப் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

8. செப்டம்பர் மாதம் ஒரு நாள், வெயில் அடிக்கும்போதே, எல்லோரையும் வீட்டில் இருந்து வேலை பார்க்கச் சொல்லிப் பாருங்கள். டோக்கன் தெரியவில்லை, பிரிண்டர் வரவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று எல்லாப் புகாரும் அன்றைக்கே வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் சரிசெய்ய நேரம் இருக்கும்.

ஒரே வரியில்...

விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பது வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபைலை ஆபீஸ் பூட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் ஏற்பாடு. மழைக்கு முன்பே செட் செய்து, சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியது மட்டும் உங்கள் பொறுப்பு.